மிதிவண்டியின் எடை

செம்பூரில் கல்லூரி பயிலும் எம் மகன், ஞாயிறுதோறும் தானே யேவூர் மலையேற 13 கிலோ மிதிவண்டியே வேண்டுமென்றான். 15 கிலோ வண்டியினும் அதன் விலை இருமடங்கு. கணக்கிட்டுப் பார்த்தோம். அவன் 60 கிலோ, வண்டியோடு 75. இரண்டு கிலோ குறைந்தால், இருபது நிமிட ஏற்றத்தில் மிச்சம் அரை நிமிடமே! சமதரையிலோ காற்றும் டயருமே பெருந்தடை. எடையின் பங்கு சிறிது.

தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்துடன் மாட்டுங்கா வரை மிதித்த எம் தந்தையார், இருபது கிலோ வண்டியை ஒருநாளும் நொந்ததில்லை. டயரில் காற்று மட்டும் நாள்தோறும் பார்ப்பார். இதைச் சொன்னோம். மகன் எளிய வண்டியையே ஏற்றான். மிஞ்சிய பணம் தங்கையின் கல்விக் கட்டணமாயிற்று. அன்பர்களே, குறைக்க வேண்டிய சுமை எதுவென்று முதலில் அறிவோமாக!