சங்கு மலையிலிருந்து சமுத்திரம் வரை

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் சங்ககிரிக்குப் போகவேண்டும் என்று எனக்கு வெகு காலமாக ஓர் ஆசை இருந்தது. தீரன் சின்னமலையை அவருடைய சகோதரர்களோடு ஆங்கிலேயர் 1805-ஆம் ஆண்டில் தூக்கிலிட்டது அந்தக் கோட்டையில்தான் என்பதும், அது ஆடிப் பெருக்கு நாள் என்பதும் கொங்கு நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற சங்கதி. ஆகவே, மற்ற ஊர்களில் ஆற்றுக்கும் புதுப்புனலுக்கும் மட்டுமே உரியதாக இருக்கிற அந்தப் பண்டிகை, இங்கே ஒரு வீரனுடைய நினைவு நாளாகவும் அமைந்து, ஒரே பகலில் மலையடிவாரத்தில் மாலைகளும் காவேரிக் கரையில் முளைப்பாரிகளுமாக ஜனங்களைத் திரட்டிவிடுகிறது. இரண்டையும் ஒரே நாளில் கண்டுவிடுவது என்ற சங்கல்பத்தோடு விடியற்காலையில் சேலத்தில் பஸ் ஏறினேன்.

ஊருக்கு வெகு தூரத்திலேயே மலை கண்ணில் பட்டுவிடுகிறது. சங்கின் வடிவம் கொண்டிருப்பதால் சங்ககிரி என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். சமுத்திரத்திற்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், லாரிப் பட்டறைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலையும் விசைத்தறிகளும் சூழ்ந்த இந்த வறண்ட பிரதேசத்தில், கடலில் விளைகிற ஒரு பொருளின் பெயரைக் குன்றுக்குச் சூட்டிய பெரியோர்கள் எதை நினைத்துச் சூட்டினார்களோ தெரியாது. அன்று முழுவதும் அந்தப் பெயர் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

விஜயநகர மன்னர் காலத்தில் எழும்பி, பின்னர் திப்புவின் வசமும் ஆங்கிலேயர் வசமும் இருந்த கோட்டை அது. வாயிலுக்கு மேல் வாயிலாக ஏறிக்கொண்டே போகவேண்டும். முதல் நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தபடியால், பாறைச் சரிவுகளில் விரற்கடை அகலத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஒரு வாயிலின் நிழலில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, எதிரே பாறை இடுக்கில் சிக்கியிருந்த ஒரு தின்பண்ட உறையின்மேல் என் பார்வை சென்றது. வெளிப்புறம் சிவப்பு, உட்புறம் வெள்ளிபோல் பளபளப்பு. வழிகிற நீர் அதன் ஒரு முனையைத் தூக்கித் தூக்கி விட்டது. சற்று நேரத்தில் உறைக்குள் நீர் புகுந்து அது உப்பிற்று. பிறகு இடுக்கிலிருந்து கழன்று, சறுக்கி, கீழே அடுத்த படியில் போய் நின்றது. அங்கே அதைப்போல இன்னும் நாலைந்து உறைகளும் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களும் முன்னமே வந்து காத்திருந்தன.

நான் எழுந்து அவற்றைப் பொறுக்கத் தொடங்கியதைக் கண்டு, என்னோடு ஏறிவந்த உள்ளூர் இளைஞர் ஒருவர், "விடுங்க ஐயா, இன்னொரு மழை வந்தா எல்லாம் தானா அடிச்சுக்கிட்டுப் போயிருமுங்க" என்றார்.

"எங்கே போகும், தம்பி?"

"ஓடைக்குங்க."

"அங்கிருந்து?"

"ஆத்துக்குத்தானுங்க."

"ஆற்றிலிருந்து?"

அவர் சிறிது நேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். "கடலுக்குத்தானுங்க போகோணும்" என்று சொல்லிவிட்டு, தாமும் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சேர்வராயன் மலையில் பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாக வருகிற சரபங்கா நதி தேவூர்ப் பக்கத்தில் காவேரியோடு கலக்கிறது. மழைக் காலத்தில் இந்தத் தாலுகாவின் ஓடைகள் காவேரியை நாடியே இறங்குகின்றன. மலையுச்சியில் நிற்கும் ஒருவர் கையை விட்டு நழுவவிடுகிற உறைக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே இருப்பது வெறும் தூரந்தான். தடை என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம்.

அடிவாரத்தில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. பாக்குமட்டைத் தட்டில் உணவு பரிமாறியதைக் கண்டு மனம் குளிர்ந்தது. பக்கத்திலேயே சிறு பிளாஸ்டிக் பைகளில் அடைத்த தண்ணீரைக் கண்டு வாடியது. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லத்தக்க எடப்பாடியைத் தம் பெயரின் முன்னே தாங்கிய பழனிசாமி, முதலமைச்சராக இருந்தபோது, 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்த பிளாஸ்டிக் தடை, 2019 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. கைப்பை, குவளை, உறிஞ்சுகுழல், உணவு கட்டும் தாள் முதலான 14 பொருள்களில் இந்தத் தண்ணீர்ப் பையும் ஒன்று. பின்பு வந்த அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022 ஜூலை முதல் பாரத தேசம் முழுவதற்குமே ஒரு தடை வந்தது. இவ்வளவும் இருந்தும் அந்தப் பை ஜனங்களின் கையில் இருக்கிறதென்றால், அதைக் கொடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. தாகத்தோடு வந்தவருக்கு ஜலம் கொடுக்கும் தர்ம சிந்தையோடுதான் கொடுத்தார். ஒரு பானையும் நாலு லோட்டாவும் வைத்திருந்தால் அந்தத் தர்மம் இன்னும் நிறைவாக நடந்திருக்குமே என்பதுதான் என் துக்கம்.

பிற்பகலில் தேவூர் வழியாகக் கல்வடங்கத்தை அடைந்தேன். காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. படித்துறை கொள்ளாத கூட்டம். புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், காதோலை கருகமணியை நீரில் விடும் சுமங்கலிகள், முளைப்பாரிச் சட்டியைத் தலையில் தாங்கிவரும் சிறுமிகள் என்று அந்தக் காட்சியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெவிட்டாது. ஒரு மூதாட்டி, மூங்கில் கூடையிலிருந்து வாழைமட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் மாவிளக்கு வைத்து, நெய்யிட்டு ஏற்றி, முழங்கால் ஆழத்தில் நின்று மெல்லத் தள்ளிவிட்டார். விளக்கு அசைந்து அசைந்து போயிற்று. அடுத்த படியில் நின்ற குடும்பத்தார் பூவையும் பழத்தையும் கவரில் கொண்டுவந்திருந்தார்கள். பூவை விட்டபின் கவரையும் பயபக்தியோடு ஆற்றிலேயே விட்டார்கள்.

இதை அலட்சியம் என்று ஏசிவிடுவது எளிது. நானும் அந்த எண்ணத்தோடுதான் நெருங்கிப் போனேன். ஆனால் அந்த வீட்டுப் பெண்மணி, "சாமிக்குப் படைச்சதை வெச்சிருந்த பையிங்க, அதைக் குப்பைத் தொட்டியில போட மனசு வருமுங்களா?" என்று கேட்டபோது எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. வாழையிலையும் நாரும் மண்சட்டியும் இருந்த நாளில் ஏற்பட்ட ஆசாரம் அது. நீரில் விட்டது நீரோடு நீராகக் கரைந்தது. ஆசாரம் அப்படியே நிற்க, பொருள் மட்டும் மாறிவிட்டது. ஈமக் கடன் முடித்து முழுகுகிறவர்கள் கரையில் விட்டுப்போகும் பழந்துணியும் அப்படியே. நூல் துணியாய் இருந்தவரையில் அது மக்கிற்று, பாலியெஸ்டராக ஆனபிறகு அதுவும் இழை இழையாகப் பிரிகிற பிளாஸ்டிக்தான். பக்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. காவேரித் தாயின் மடியில் வைக்கத்தக்கது எது, தகாதது எது என்பதைப் பக்தியின் பாஷையிலேயே சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்கவேண்டும்.

கூட்டம் கலைந்தபின் ஒரு பரிசல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். "முன்னெல்லாம் வலை கனத்தா சந்தோசமா இருக்குமுங்க. இப்பக் கனத்தா, மீனா கவரான்னு தெரியாம இழுக்கறமுங்க" என்றார். கரையில் காய்ந்துகொண்டிருந்த வலையிலிருந்து சேறு படிந்த பை ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். மடிப்புக்குள் வண்டல் கெட்டியாக இறுகி, அதில் மிளகளவு நத்தைகள் ஒட்டியிருந்தன. நீரில் அலசியபோது, ஒரு பலகாரக் கடையின் பெயரும் அதற்குக் கீழே தீபாவளி வாழ்த்தும் எழுத்துக்கு எழுத்து தெளிவாக வந்தன. எந்த வருஷத்துத் தீபாவளியோ!

கல்வடங்கத்தில் விட்டது எங்கே போகிறது? கதவணைகளின் மின் நிலையங்களில், விசையாழிக்கு முன்னே நிற்கும் இரும்புக் கம்பிகளில் ஒரு பகுதி தங்கும். தப்பியது பவானி, ஈரோடு, கொடுமுடி, முசிறி என்று பிரயாணம் செய்து முக்கொம்பை அடைந்து, வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியாகவும் மற்றபடி கல்லணை தாண்டிப் பல கிளைகளாகவும் கடலைச் சேரும். உலகத்துக் கடல்களுக்கு ஆறுகள் கொண்டுசேர்க்கும் பிளாஸ்டிக்கில் 80 சதவிகிதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆறுகளின் வழியே போகிறது என்று 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பெரிய நதிகளைக் காட்டிலும் ஜனநெருக்கமுள்ள ஊர்களின் ஊடே ஓடுகிற சிறிய ஆறுகளே அதில் அதிகம் என்பது அதன் முடிவு. அதைப் படித்தபோது எனக்குச் சரபங்காவின் ஞாபகந்தான் வந்தது.

பாலித்தீன் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகத் தோன்றியது 1933-இல். 1950-இல் உலகம் ஆண்டொன்றுக்கு உற்பத்தி செய்த பிளாஸ்டிக் 20 லட்சம் டன். 2015-இல் சுமார் 38 கோடி டன். அந்த ஆண்டுவரை குப்பையாகிப்போன 630 கோடி டன்னில் மறுசுழற்சிக்கு ஆளானது 9 சதவிகிதமே. மிச்சத்தில் எரிந்தது போக, பெரும்பகுதி இன்னும் பூமியில் எங்கேயோ இருக்கிறது. வெயிலும் அலையும் அதை நொறுக்கும், அழிப்பதில்லை.

பின்னர் தை மாதத்தில் பூம்புகாருக்குப் போயிருந்தேன். அலை விட்டுப்போன கோட்டருகே ஒரு கை மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினேன். கிளிஞ்சல் துணுக்குகளுக்கு நடுவே நீலமாக ஒன்று, பச்சையாக இரண்டு, வெள்ளையாக எத்தனையோ. நகத்தால் அழுத்தினால் கிளிஞ்சல் உடைந்தது, இவை வளைந்தன. முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகள் மிதக்கும் பைகளைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்கிவிடுகின்றன. 2021-இல் கொழும்புக்கு அருகே எரிந்த கப்பலும் 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய கப்பலும் கடலில் கொட்டிய பிளாஸ்டிக் மணிகளைப் பற்றி உலகமெல்லாம் பேசிற்று, பேசவேண்டியதுதான். ஆனால் கப்பல் எப்போதோ ஒருநாள் மூழ்குகிறது. நம் வீட்டு வாசலிலிருந்து தினந்தோறும் புறப்படுவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

ஊர் திரும்பியதும் நானும் என் மனைவியும் ஒரு வாரத்துக் குப்பையைச் சேர்த்துவைத்து, முற்றத்தில் பழைய பாயை விரித்துக் கொட்டிப் பார்த்தோம். காய்கறித் தோலும் தேங்காய் நாரும் பாதிக்கு மேல். பால் உறைகள் 14. மளிகைப் பைகள், மாவுப் பை, எண்ணெய் உறை. எல்லாவற்றுக்கும் அடியில் மிளகாய்த்தூள், ஷாம்பு, காப்பித்தூள் என்று சின்னஞ்சிறு பொட்டலங்கள் 31. இந்தச் சிறு பொட்டலத்தைப் பரப்பியவர்களில் முன்னோடி கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். பணக்காரர் அனுபவிப்பது ஏழைக்கும் கிட்டவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் விளைந்தது அது. ஆயினும் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிச் செய்கிற இப்படிப்பட்ட உறையைப் பழைய சாமான் கடைக்காரர் சீந்துவதில்லை. ஏனெனில் அதை எளிதில் பிரிக்க முடியாது. சிமெண்டுச் சூளையின் 1,450 டிகிரி வெப்பத்தில் எரிபொருளாக்கலாம்; மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய முறையில் சில வகைப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடலாம். இவையெல்லாம் வந்துவிட்ட குப்பைக்குச் செய்யும் காரியங்கள். வராமலே தடுப்பது சமையலறையின் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

என் தாயார் செக்குக்கு எண்ணெய்த் தூக்கோடு போவார். இறைச்சிக்குத் தூக்குப் போசி, சந்தைக்கு இரண்டு துணிப்பை, பூவுக்கு ஈர வாழையிலை. எவர்சில்வர்த் தகடு உருட்டுகிற உருக்காலை சேலத்திலேயே இருக்க, தூக்குப் போசிக்கு நமக்கு என்ன பஞ்சம்? நாங்கள் அவற்றைப் பரணிலிருந்து இறக்கினோம். தோலும் நாரும் மண்பானையில் எருவாயின. பால் உறையை அலசிக் காயவைத்துச் சேர்த்தால் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறார். பொட்டலங்கள் 31-லிருந்து 6-க்கு இறங்கின. அந்த ஆறையும் ஒழிக்க இன்னும் வழி தெரியவில்லை.

அடுத்த ஆடிப் பெருக்குக்கு இருவருமாகக் கல்வடங்கம் போனோம். பூவை மந்தாரை இலையில் கட்டி, கட்டுச்சோற்றைப் போசியில் எடுத்துக்கொண்டு போயிருந்தோம். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் விடியலில் துறைக்குப் போனபோது பரிசல்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வலையெடுக்கப் போறனுங்க, வாரீங்களா?" என்று கூப்பிட்டார். ஆற்றின் நடுவே பரிசலை நிறுத்தி வலையை இழுத்தார். நாலு கெளுத்தி வந்தது. கூடவே மூன்று கவர். மீனைக் கூடையில் போட்டார். கவர்களை ஒவ்வொன்றாகப் பிழிந்து, காலடியில் கிடந்த ஒரு சாக்கைத் திறந்து அதற்குள் போட்டார். போன வருஷம் அந்தச் சாக்கு பரிசலில் இல்லை. இப்போது பாதி நிறைந்திருந்தது.