ஆரத்தி கொட்டிய கம்பளம்

கோவை வடவள்ளியில் அக்கா வீட்டு ஹாலில் அந்தக் கம்பளத்தை விரித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொடிசியாவில் நடந்த ஒரு கண்காட்சியில் வாங்கியது. உத்தரப் பிரதேசத்துப் பதோஹி சரக்கு, கம்பளி நூல், பாலாடை நிறம். "வெள்ளையா வேண்டாங் கண்ணு" என்று அம்முச்சி அன்றைக்கே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா மகள் பிறந்த குழந்தையோடு முதன்முதலாக வந்த நாள். வாசலில் ஆரத்தி எடுத்து முடிந்துவிட்டது. செல்போனில் படம் சரியாக விழவில்லை என்று மாப்பிள்ளையின் தம்பி இன்னொரு தரம் ஹாலுக்குள் எடுக்கச் சொன்னான். எடுத்த தட்டைக் கொண்டுபோய்த் தெருவில் ஊற்றுவதுதான் முறை. படத்துக்காக உள்ளே வந்த தட்டு, ஒறம்பரைக் கூட்டத்தில் யாருடைய முழங்கையோ பட்டுக் கம்பளத்தின் நட்டநடுவில் கவிழ்ந்தது.

எல்லோரும் பதற, அம்முச்சி மட்டும் அசையவில்லை. "ஆரத்தி கொட்டுனா நல்லதுதான். திருஷ்டி அங்கயே கழிஞ்சுது" என்றார்.

மூன்றாம் நாள் கறை எடுக்க ஆள் வருகிறார்கள் என்று அக்கா சொன்னதும் என் வேலையைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். நெசவைப் பற்றி எத்தனையோ எழுதியாகிவிட்டது. நெய்ததை அழுக்குப் போக்கித் திருப்பித் தருகிறவர்களை ஒரு நாளும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. அதை ஒரு தொழில்நுணுக்கம் என்று யாரும் சொல்வதுமில்லை.

பழைய ஆம்னி வேனில் இரண்டு பேர் வந்தார்கள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அண்ணன் ஒருவர், அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவன். அண்ணன் செருப்பை வாசலில் விட்டு, கம்பளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என்ன கொட்டியது என்று அவர் கேட்கவில்லை.

"ஏனுங்க்கா, கொட்டுனதுக்கு அப்பறம் என்னென்ன போட்டுத் தேச்சீங்க?"

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். முதலில் சோப்புத்தூள். அதில் கறை இன்னும் சிவந்ததால் சோடா உப்பு. பிறகு பழைய பல்துலக்கி. கடைசியாக எதிர்வீட்டார் சொன்ன ஏதோ ஒரு பாட்டில்.

"அதாஞ் சங்கதி. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு ஏற்கனவே இருக்குது. அதுமேல நீங்களும் சோப்பைப் போட்டீங்க. குங்குமமே செஞ்சுபோட்டீங்க" என்று சிரித்தார்.

அது வெறும் கேலியில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் புளிப்பில் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவக்கும். காரம் என்றால் மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்பின் காரம், சோப்பின் காரம். மஞ்சள் தடவிய தாளை வைத்துப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் பார்த்ததுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதும், பழைய முறையில் வீட்டிலேயே குங்குமம் செய்வதும் இந்த ஒரே குணத்தால். போதாததற்கு மஞ்சள் ஒரு சாயமும்கூட. வேறு எதையும் கூட்டாமல் பருத்தியிலும் பட்டிலும் கம்பளியிலும் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கம்பளத்தின் ஓரத்தில் இருந்து ஒரு இழையைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினார். முடி கருகும் வாடை. விரலில் நசுக்கியதும் சாம்பல் பொடிந்தது. "கம்பளியேதான். ஏமாத்தலைங்க." பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாடை வரும், நைலான் வகையறா உருகி மணியாக உருளும். பருத்தி என்றால் கொஞ்சம் முரட்டு வைத்தியம் தாங்கும். கம்பளிக்குக் காரமும் ஆகாது, பிளீச்சிங்கும் ஆகாது. பிளீச்சிங் பட்ட கம்பளி வெளுப்பதற்குப் பதில் மஞ்சளித்து, மீறினால் கரைந்தே போகும். எதிர்வீட்டுப் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அக்கட்டால தள்ளி வைத்தார்.

முதல் முக்கால் மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. பையன் வேக்குவம் மெஷினைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினான். எட்டு மாதத்து மண் பையில் விழுந்தது. ஈரம் பட்டால் இந்த மண்ணெல்லாம் சேறாகும், அதனால்தான் முதலில் இது என்றான். மெஷின் நடுவில் ஒருமுறை திக்கியது. அண்ணன் பின்பக்கத்தைக் கழற்றிக் கார்பன் பிரஷ்ஷைத் தட்டிப் போட்டதும் மறுபடி ஓடியது. காட்டூரில் காயில் கட்டும் ஒருவரிடம்தான் இதற்கு எப்போதும் வைத்தியம் என்றார். மோட்டார் ஊரில் பிழைப்பதில் இந்த ஒரு சௌகரியம்.

அடுத்து ஒரு சிறிய சண்டை. அண்ணன் இரண்டு பக்கெட் நல்ல தண்ணீர் கேட்டார். வடவள்ளியில் நல்ல தண்ணீர் என்றால் சிறுவாணி, போர் தண்ணீர் என்றால் உப்புத் தண்ணீர். சிறுவாணியில் துணி அலசுவது இந்த ஊரில் பாலில் கை கழுவுவது மாதிரி. அக்கா முகம் மாறியது. அண்ணன் வாதாடவில்லை. போர் தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கலக்கிக் காட்டினார். நுரை வராமல் தயிர்போலத் திரிந்தது. "இந்தத் திரிசல் நூலுக்குள்ள போய் உக்காந்துச்சுன்னா அடுத்த மாசமே அங்க அழுக்குப் பிடிக்குமுங்க. கடைசி அலசலுக்கு மட்டும் குடுங்க்கா, போதும்." ஒன்றரை பக்கெட்டில் சமாதானம் ஆயிற்று.

வினிகரில் தண்ணீர் கலந்து, முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தார். நிறம் எதுவும் வராததால் நடுவுக்கு வந்தார். கறையின் வெளிவிளிம்பில் தொடங்கி உள்ளே பார்த்து ஒற்றல்தான், தேய்க்கவேயில்லை. துணி பட்ட இடத்தில் சிவப்பு அணைந்து மஞ்சள் எழுந்தது. அடுப்பங்கரையில் இருந்தவர்கள்கூட வந்து பார்த்தார்கள். கறை போகவில்லை, நிறம்தான் மாறியது. ஆனாலும் அதுவரை தலைகுனிந்திருந்த அக்கா அப்போதுதான் இருவருக்கும் காப்பி போடப் போனாள்.

அதன்பின் ஸ்பிரிட். குர்குமின் வெறும் தண்ணீரில் லேசில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். கொஞ்சம் தொட்டு ஒற்றி, துணியைத் திருப்பி, மறுபடி ஒற்றி, இருபது துணிக்குமேல் மஞ்சளாயின. ஸ்பிரிட்டை ஊற்றக் கூடாதாம். இந்த வகைக் கம்பளத்தில் நூலைக் கோத்து அடியில் ரப்பர் பால் பூசித் துணி ஒட்டியிருப்பார்கள், ஸ்பிரிட் அதுவரை இறங்கினால் ஒட்டு விட்டுப்போகும்.

கடைசியாக, தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் மெஷின். பீய்ச்சியது ஒரு தடவை என்றால் உறிஞ்சியது நாலு தடவை. "தண்ணி விடறது யாரு வேணுனாலும் செய்வாங்க. விட்டதைத் திருப்பி எடுக்கறதுக்குத்தானுங்க கூலி" என்றார். உள்ளே தங்கிய ஈரம் காயும்போது மேல்நோக்கித்தான் ஏறும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அடியில் பதுங்கிய கறையையும் நுனிக்குக் கொண்டுவந்துவிடும். கழுவிய அன்று காணாமல்போன கறை மறுநாள் காலை அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். நாம் அதை 'மறுபடி வந்துருச்சு' என்போம். அது போகவேயில்லை.

இத்தனையும் முழங்காலில் நின்றபடி. சைக்கிள் டியூபை வெட்டித் தைத்த பட்டையை முட்டியில் கட்டியிருந்தார், அப்படியும் அந்தத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. சதுர அடிக் கணக்கில் கூலி. கறைக்குத் தனிக் கணக்கு கிடையாது. சும்மா தூசி தட்டும் ஒரு அடிக்கும் இரண்டு மணி நேரம் ஒற்றி எடுக்கும் ஒரு அடிக்கும் ஒரே விலை என்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, காப்பியைக் குடித்தார்.

ஊர் பவானிப் பக்கம் என்றார். அப்பா ஜமக்காள நெசவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனேன். வீட்டின் முன்னறையில் குழித்தறி இன்னும் இருக்கிறது. அகலப் பாய்க்கு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். அப்பாவுக்கு இப்போது துணைக்கு ஆள் இல்லாததால் குறுகலானதை மட்டும் நெய்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து குவிந்தபோது, பவானியின் ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார் பருமனான சாயநூலைக் கொண்டு கண்டுபிடித்த பிழைப்பு இந்த ஜமக்காளம். 2005இல் புவிசார் குறியீடு வாங்கியது. குறியீடு வந்தது. தறிக்குழியில் இறங்க மகன்கள் வரவில்லை.

பெரியவரிடம் பாலாடை நிறக் கம்பளத்தின் கதையைச் சொன்னேன். தறியை நிறுத்தாமலே கேட்டார்: "ஒறம்பரை வாற வூட்ல அத எதுக்கு விரிச்சாங்க?" பிறகு தான் நெய்துகொண்டிருந்ததைத் தூக்கிக் காட்டினார். சிவப்பு, பச்சை, நீலப் பட்டை. முகமும் முதுகும் ஒன்றுபோல இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் முடி இல்லாததால் அழுக்குக்கு ஒளிய இடமில்லை. ஆற்றில் நனைத்துக் கல்லில் அடித்துப் பாறையில் விரித்தால் தீர்ந்தது. பந்தியில் எத்தனை சாம்பார் கொட்டினாலும் அந்தப் பட்டைகள் விழுங்கிக்கொள்ளும். அவற்றை அழகுக்காக மட்டும் போட்டதாக இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

கழுவி முடித்த அன்று வடவள்ளிக் கம்பளத்தில் இளமஞ்சள் நிழல் ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு அண்ணன் மருந்து எதுவும் போடவில்லை. முதலில் நிழலில் காற்றாடக் காயவைத்து, பிறகு மொட்டைமாடியில் நூல்கட்டிலின் மேல் விரிக்கச் சொன்னார். கறை இருந்த இடம் மட்டும் வெயில் பார்க்க வேண்டும், மற்ற இடத்தைப் பழைய வேட்டியால் மூடிவிட வேண்டும், நாள்பட்ட வெயில் கம்பளிக்கும் ஆகாது. யாரிடம் கற்றீர்கள் என்றேன். பங்காளி ஒருவர் ஈரோட்டு மஞ்சள் சந்தையில் மூட்டை தூக்குகிறாராம். "அவன்ற வேட்டி சோப்புக்குப் போகாதுங்க. கொடியில வெயில்ல கெடந்தாப் போயிரும்." 2019இல் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்கும் வெயில்தான் எமன். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும்.

நான்கு நாள் கழித்து அவரே போன் செய்தார். "மஞ்ச போயிருச்சுங்களா?"

போய்விட்டது என்றேன். எதிர்வீட்டுப் பாட்டில் பட்ட இடத்தில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நூல் சொரசொரத்து வெளிறி நிற்கிறது.

"அது போகாதுங்க. அது கறையில்ல, கம்பளியே வெந்துபோச்சு" என்றார். "சோபாவை ஒரு அடி மேக்க தள்ளிப் போட்டுக்கச் சொல்லுங்."