வால்ரஸும் ஓர் இரண்டெழுத்துச் சொல்லும்

சி மொழியில் புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். இஃப் கண்டிஷனில் == போட வேண்டிய இடத்தில் கை தவறி ஒற்றை = விழுந்துவிடும். கம்பைலர் மிஞ்சிப் போனால் ஓர் எச்சரிக்கை கொடுக்கும். புரோகிராம் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். இந்த வம்பே வேண்டாம் என்று பைத்தானில் கண்டிஷனுக்குள் = போட்டால் பிழை என்று வைத்துவிட்டார்கள்.

அதிலும் ஒரு சங்கடம். ஒரு மதிப்பைக் கணக்கிட்டு, சோதித்து, அதையே மறுபடி பயன்படுத்த ஒரு வரி கூடுதலாகத் தேவைப்பட்டது. போகிற போக்கிலேயே மதிப்புக்குப் பெயர் வைக்க வழி கேட்டு 2018 பிப்ரவரியில் பெப் 572 என்ற முன்மொழிவு எழுந்தது.

சரி, எப்படி எழுதுவது? 'ஆஸ்' என்ற சொல் எல்லோர் கண்ணிலும் பட்டது. இம்போர்ட்டில் ஏற்கெனவே இருக்கிறது, வாசிக்கவும் சுகம். சிக்கல் 'வித்' வரியில் வந்தது. அங்கே 'ஆஸ்' பெயர் சூட்டுவது எழுதிய பொருளுக்கு அல்ல, அந்தப் பொருள் உள்ளே நுழையும்போது திருப்பித் தரும் மதிப்புக்கு. ஃபைலைத் திறந்தால் இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. திரெட்டுகளுக்கான லாக்கை அப்படி எழுதினால் கையில் கிடைப்பது லாக் அல்ல, வெறும் 'ட்ரூ'. ஒரே சொல்லுக்கு அடுத்தடுத்து இரண்டு அர்த்தம் என்றால், புதிதாகப் படிக்கிறவன் கதி?

'வேர்' என்ற சொல்லையும் யோசித்தார்கள். நம்பை போன்ற நூலகங்களில் அதே பெயரில் ஃபங்ஷன் இருக்கிறது. அதைக் கீவேர்டாக்கினால் பழைய புரோகிராம்கள் உடையும். 'கிவன்' என்றும் ஒரு யோசனை வந்தது. கடைசியில் ஜெயித்தது எந்தச் சொல்லும் அல்ல, := என்ற குறி. அல்கால், பாஸ்கல் காலத்துப் பழைய ஆசாமிதான். கண்ணும் தந்தமும் மாதிரி இருப்பதால் வால்ரஸ் என்று செல்லப் பெயர்.

சண்டை அதோடு ஓயவில்லை. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் முன்மொழிவை ஏற்றார். ஆனால், ஒரு முடிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேரின் வெறுப்பையும் சம்பாதிப்பது இனி வேண்டாம் என்று 2018 ஜூலை 12 அன்று தலைமைப் பொறுப்பிலிருந்தே விலகினார். 2019 அக்டோபரில் வந்த பைத்தான் 3.8-இல் வால்ரஸ் சேர்ந்தது. அதற்குள் மொழியை நடத்தும் பொறுப்பு தேர்தலில் வென்ற ஐந்து பேர் குழுவிடம் போயிருந்தது.

தெரியாத குறியைப் பார்த்தால் யாரும் நின்று அர்த்தம் கேட்பார்கள். தெரிந்த சொல் என்றால் கேட்கத் தோன்றாது, ஏமாந்த பிறகுதான் தெரியும். வால்ரஸைத் திட்டுகிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.