ஏரியிலிருந்து எழும்பும் விமானம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகருக்குப் போகிறவர்கள், ஊருக்கு நடுவே இருக்கும் யூனியன் ஏரிக்கரையில் அரை மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் படகு வீடுகள். வடகரையில் துருப்பிடித்த பழைய வாயு ஆலை. அதை இடிக்காமல் பூங்காவாக்கி விட்டார்கள்! நடுவே, நீர்க்கோழி கிளம்புகிற மாதிரி ஆகாய விமானங்கள் தண்ணீரிலிருந்து எழும்பும். கென்மோர் ஏர் என்ற கம்பெனி இங்கிருந்து ஸான் வான் தீவுகளுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்கிறது.

கூடுமானால் 'பீவர்' விமானத்தில் இடம் கேளுங்கள். கனடாவில் செய்தது. 1947-ல் முதன்முதலாகப் பறந்தது. 1967-க்குப் பிறகு உற்பத்தி இல்லை. மூக்கில் ஒன்பது சிலிண்டர் எஞ்சின், 450 குதிரை சக்தி. விமானிக்குப் பக்கத்து ஆசனம் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்தான். கீழே ஒரு மூடி தெரியும். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் வாய் அது, பறக்கும்போதே ஊற்றலாம். அந்த எண்ணெயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் கிளம்பும்போது வருகிற இரைச்சல் இருக்கிறதே, காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,300 சுற்று சுற்றுகிறது. எட்டரை அடி விசிறியின் நுனி மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ஒலியின் வேகத்தையே எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது. சத்தம் வராமல் என்ன செய்யும்? மிதவைகளைத் தண்ணீர் விடமாட்டேனென்று இழுக்கும். பிறகு சட்டென்று விட்டுவிடும்.

மேலே ஏறிச் சற்று நேரத்துக்கெல்லாம் அந்த இரைச்சல் 'உம்'மென்று இறங்கிவிடும். புதிதாக ஏறியவர்கள் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் கட்டம் இது. பயப்படாதீர்கள், எஞ்சின் நிற்கவில்லை. விமானி எதிரேயுள்ள பிடிகளில் ஒன்றைப் பின்னுக்கு இழுத்தார், அவ்வளவுதான். அது விசிறிக்கு உரிய பிடி.

ஒரு வாளித் தண்ணீரில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கையைக் கத்தி மாதிரி வைத்து வீசினால் கை சுலபமாகப் போகும். சற்றே திருப்பினால் தண்ணீரைத் தள்ளும். இன்னும் திருப்பினால் தோள் வலிக்கும். விசிறித் தகடும் அப்படியே. கிளம்பும்போது தகடு குறைவாகச் சாய்ந்திருந்தால் எஞ்சின் முழு மூச்சாகச் சுற்ற முடியும். வேகம் வந்த பிறகும் அப்படியே இருந்தால் எஞ்சின் வீணாகத் தலைதெறிக்கச் சுற்றும். அப்போது தகடு அதிகமாகச் சாய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் காற்றைப் பெரிய பிடியாகப் பிடிக்க வேண்டும். மேட்டில் லாரிக்காரர் கியர் மாற்றுவதில்லையா?

இங்கே மாற்றுகிறவர் 'கவர்னர்'. ராஜ்பவன் கவர்னர் அல்ல! கைக்குள் அடங்கும் யந்திரம். அதற்குள் இரண்டு சிறு எடைகள் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகின்றன. எஞ்சின் வேகம் கூடினால், திருவிழா ராட்டினத்தில் தொட்டில்கள் வெளியே வீசுமே, அதுபோல எடைகள் விலகும். ஒரு வால்வு நகரும். விசிறியின் குடத்திலிருந்து எண்ணெய் வடியும். தகட்டின் அடியில் உள்ள பளுக்கள் தகட்டை இன்னும் சாய்க்கும். எஞ்சினுக்குச் சுமை ஏறி, பழைய வேகத்துக்கு இறங்கும். வேகம் குறைந்தாலோ எடைகள் ஒடுங்கும். எண்ணெய் உள்ளே பாய்ந்து தகட்டை நிமிர்த்தும். விமானியின் பிடி, எடைகளை அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ செய்கிறது. எத்தனை சுற்று என்பதை அவர் சொல்கிறார். பாக்கியை எண்ணெய் பார்த்துக்கொள்கிறது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஊருக்குத் தெற்கேயுள்ள விமானக் காட்சிசாலைக்குப் போங்கள். 1933-ல் சியாட்டிலில் முதன்முதல் பறந்த போயிங் 247 அங்கே நிற்கிறது. முதலில் அந்த ரகத்துக்குத் தகடு திரும்பாத விசிறிதான். 6,000 அடி உயரத்திலுள்ள ஷையென் நகரின் மெல்லிய காற்றில் அது எழும்பத் திணறியது. ஃப்ராங்க் கால்ட்வெல் என்ற எஞ்சினியர் இரண்டு சாய்வு கொண்ட விசிறியைப் பொருத்தினார். ஓட்டத் தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. தானாகவே சாய்வை மாற்றும் கவர்னர் அதற்குப் பின் வந்தது.

தீவு நெருங்கியதும் விமானி அந்தப் பிடியை மறுபடி முன்னால் தள்ளுவார். இறங்குகிற இடத்தில் மரக்கட்டையோ படகோ குறுக்கே வந்தால், உடனே முழு மூச்சோடு மேலே ஏற வேண்டுமல்லவா? ஒன்றும் வராவிட்டால் ஃப்ரைடே ஹார்பர் துறையில் இறங்கி, அவரே குதித்துக் கயிற்றைக் கட்டுவார்.