கல்லில் பதிந்த ஓட்டுகள்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக்குப் பேர்போன ஊர் டஸ்கலூசா. அங்கே சாம்பியன் பட்டங்கள் கல்லில் இருக்கின்றன. சர்ச்சைகள் மனதில் இருக்கின்றன.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமிலிருந்து தென்மேற்கே காரில் ஒரு மணி நேரம். பிளாக் வாரியர் ஆற்றங்கரையில் இருக்கிறது டஸ்கலூசா. மக்கள்தொகை சுமார் ஒரு லட்சம். ஊரின் பெருமை 1831-ல் திறக்கப்பட்ட அலபாமா பல்கலைக்கழகம். அதன் கால்பந்து ஸ்டேடியத்தில் 1,00,077 பேர் உட்காரலாம். அதாவது, ஊரையே உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

காலையிலேயே பல்கலைக்கழகத்தின் நடுவில் உள்ள புல்வெளியில் கூடாரங்கள் முளைத்துவிடுகின்றன. கரி அடுப்பில் இறைச்சி வேகும் வாசனை. கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோருக்கும் கருஞ்சிவப்புச் சட்டை. “ரோல் டைட்” என்பது அணியின் முழக்கம். ஆனால் இங்கே அதுவே வணக்கம், அதுவே நன்றி, அதுவே போய்வருகிறேன். அணியின் சின்னம் யானை. 1930-ல் இந்த அணி களமிறங்கியதை ஒரு பத்திரிகையாளர் யானைக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

இது நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பந்து நீள்வட்டம். காலைவிடக் கைக்கே வேலை அதிகம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் லீக் தனியாக இருக்கிறது. ஆனால் அலபாமாவில் அப்படி ஒரு பெரிய அணி கிடையாது. கல்லூரி அணிதான் எல்லாம். இதில் பணமும் இருக்கிறது. நிக் சேபன் பயிற்சியாளராக வந்த 2007-ல் பல்கலைக்கழகத்தில் சுமார் 25,000 மாணவர்கள். பத்தாண்டுகளுக்குள் அது 37,000-த்தைத் தாண்டியது. வெளிமாநிலங்களிலிருந்து வந்து கூடுதல் கட்டணம் கட்டுபவர்களே பெரும்பகுதி. கால்பந்து வெற்றிகள் மட்டும் காரணமல்ல. ஆனால் அவை இல்லாமல் இவ்வளவு பேருக்கு டஸ்கலூசா என்ற பெயர் தெரிந்திருக்காது.

ஸ்டேடியத்தின் வடக்கு வாசலில் ஐந்து வெண்கலச் சிலைகள். வாலஸ் வேட், ஃபிராங்க் தாமஸ், பால் பிரையன்ட், ஜீன் ஸ்டாலிங்ஸ், நிக் சேபன். தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர்களுக்கு மட்டுமே இங்கே சிலை. பல்கலைக்கழகம் உரிமை கொண்டாடும் பட்டங்கள் மொத்தம் 18. முதலாவது 1925. கடைசியாக 2020.

சரி, இந்தப் பட்டங்களைக் கொடுத்தது யார்? அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கம் கூடைப்பந்துக்கு சாம்பியன் பட்டம் தருகிறது. நீச்சலுக்குத் தருகிறது. கால்பந்தின் கீழ்நிலைப் பிரிவுகளுக்கும் தருகிறது. உச்சப் பிரிவுக் கால்பந்துக்கு மட்டும் இன்றுவரை தருவதில்லை. அந்தப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட அணிகள். ஓர் அணி வழக்கமான சீசனில் ஆடுவது 12 ஆட்டங்கள்தான். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. எனவே யார் சிறந்தவர் என்பதை மைதானம் சொல்ல முடியாதபோது ஓட்டுதான் சொன்னது. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் தரவரிசை போட்டார்கள். 1950 முதல் பயிற்சியாளர்களும் தனியாக ஓட்டுப் போட்டார்கள். இவை போதாதென்று கணக்குச் சூத்திரம் வைத்து சாம்பியனைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் வருவதற்கு முன் டெஸ்ட் கிரிக்கெட்டில் எந்த அணி பெரியது என்று நம்மூர் டீக்கடைகளில் நடந்த வாதம்போலத்தான். அங்கே அந்த வாதத்தின் முடிவைக் கல்லில் வெட்டிவிடுகிறார்கள்.

பதினெட்டில் ஒன்று 1941. அந்த ஆண்டு அலபாமா ஒன்பது ஆட்டங்களில் வென்று இரண்டில் தோற்றது. சொந்த லீகிலேயே முதலிடம் இல்லை. பத்திரிகையாளர் தரவரிசையில் 20-வது இடம். எல்லா ஆட்டங்களிலும் வென்ற மினசோட்டாதான் அவர்களுக்கு சாம்பியன். ஆனால் ஹௌல்கேட் என்பவரின் சூத்திரம் அலபாமாவை முதலிடத்தில் வைத்தது. 1980-களில் பழைய பட்டங்களைத் தேடித் தொகுத்தபோது பல்கலைக்கழகம் இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இதைப் பற்றிக் கேட்டால் விசுவாசமான ரசிகர்கள்கூடச் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள்.

அவர்கள் தொடர்ந்து பேச விரும்புவது பதினெட்டில் இல்லாத ஓர் ஆண்டைப் பற்றி. 1966.

அந்தக் கதை இரண்டு வருடம் முன்னதாகத் தொடங்குகிறது. சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் புத்தாண்டை ஒட்டி ‘பௌல்’ எனப்படும் அழைப்பு ஆட்டங்களில் மோதுவது வழக்கம். 1964-ல் அந்த ஆட்டங்களுக்கு முன்பே பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அலபாமா சாம்பியன். பிறகு ஆரஞ்சு பௌலில் டெக்சாஸிடம் 21-17 என்று தோற்றது. பட்டம் பத்திரமாக இருந்தது. அடுத்த சீசனில் முறையை மாற்றி, பௌல் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருந்தார்கள். நான்காம் இடத்தில் இருந்த அலபாமாவுக்கு அதுவும் சாதகம். 1966 ஜனவரி 1 அன்று முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகளும் தோற்றன. மூன்றாவதான நெப்ராஸ்காவை அலபாமாவே 39-28 என்று வீழ்த்தியது. மீண்டும் பட்டம்.

1966 சீசனுக்குப் பழைய முறை திரும்பி வந்தது. பௌலுக்கு முன்பே ஓட்டு. சீசன் தொடங்கும்போது அலபாமாதான் தரவரிசையில் முதலிடம். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. டிராவும் இல்லை. ஆனாலும் மெள்ள மெள்ளக் கீழே இறங்கியது. நவம்பர் 19 அன்று நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மோதி 10-10 என டிரா செய்தன. கடைசி நேரத்தில் நோட்ர டேம் வெற்றிக்கு முயலாமல் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. இறுதித் தரவரிசையில் நோட்ர டேம் முதலிடம். மிச்சிகன் ஸ்டேட் இரண்டாமிடம். எல்லாவற்றிலும் வென்ற அலபாமா மூன்றாமிடம். அந்த இரு அணிகளும் புத்தாண்டுக்கு வீட்டில் இருந்தன. அலபாமா சுகர் பௌலில் நெப்ராஸ்காவை 34-7 என்று நொறுக்கியது. எண்ணிப் பார்க்க யாரும் இல்லை. ஓட்டுப் பெட்டி ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது.

தோற்காத அணியை ஏன் ஒதுக்கினார்கள்? பதிலைத் தேடி ஸ்டேடியத்திலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ஃபாஸ்டர் அரங்கம் வருகிறது. 1963 ஜூன் 11 அன்று இதன் வாசலில்தான் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் வழிமறித்து நின்றார். விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள் உள்ளே போகக் கூடாது என்பது அவர் வாதம். ஜனாதிபதி கென்னடி மாநிலக் காவற்படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகே வாலஸ் விலகினார். 1965-ல் மலோன் பட்டம் பெற்றார். இன்று அரங்கத்தின் முன் உள்ள சதுக்கத்துக்கு அந்த இருவரின் பெயர். அங்குள்ள மணிக்கூண்டுக்கு ஆதரின் லூசியின் பெயர். 1956-லேயே சேர்ந்து, கும்பல் வன்முறைக்குப் பிறகு சில நாட்களில் வெளியேற்றப்பட்டவர் அவர்.

1966-ல் அலபாமாவின் கால்பந்து அணி முழுக்க வெள்ளையர் அணி. சுகர் பௌலுக்கு முன் அந்த சீசனில் அது சந்தித்த எதிரணிகள் எல்லாமே தென்மாநிலங்களைச் சேர்ந்தவை. மிச்சிகன் ஸ்டேட்டிலோ கறுப்பின நட்சத்திரங்கள் நிறைந்திருந்தார்கள். வாலஸின் மாநிலத்துக்குப் பட்டம் தர வடக்கத்திய ஓட்டாளர்கள் விரும்பவில்லை என்று ஊரில் பலரும் இன்றும் நம்புகிறார்கள். வாலஸ் செய்த பாவத்துக்குப் பையன்கள் தண்டனை பெற்றார்கள் என்பது அவர்கள் மனக்குறை. இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதே வாலஸ் கவர்னராக இருந்த 1964-லும் 1965-லும் அலபாமாவுக்குத்தானே ஓட்டு விழுந்தது? தவிர, நாட்டின் திறமையாளர்களில் ஒரு பெரும் பகுதியைத் தானும் சேர்க்காமல், அவர்களைச் சேர்த்த அணிகளையும் சந்திக்காமல், நாட்டிலேயே சிறந்த அணி என்று ஒருவர் எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

அதற்கான பதில் 1970 செப்டம்பரில் பர்மிங்ஹாமுக்கு வந்தது. சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி, சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின வீரரின் அபார ஓட்டத்தோடு அலபாமாவை 42-21 என்று புரட்டியெடுத்தது. அலபாமாவில் உதவித்தொகையோடு சேர்ந்த முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் வில்பர் ஜாக்சன், புது மாணவர்கள் ஆட முடியாத விதி காரணமாக, அன்று பார்வையாளர் வரிசையில் இருந்தார். அடுத்த ஆண்டு அவரும் ஜான் மிட்செலும் களத்தில் இருந்தார்கள். 1970-களில் பிரையன்ட் மேலும் மூன்று பட்டங்களைச் சேர்த்தார்.

அவையும் வாதத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 1973-ல் பயிற்சியாளர்கள் பௌலுக்கு முன்பே அலபாமாவைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பர் 31 அன்று அது நோட்ர டேமிடம் 24-23 என்று தோற்றது. அதன்பிறகு பயிற்சியாளர்களும் பௌல் முடியும்வரை காத்திருக்கத் தொடங்கினார்கள். 1978-ல் இன்னும் விசித்திரம். பத்திரிகையாளர்களுக்கு அலபாமா சாம்பியன். பயிற்சியாளர்களுக்கு சதர்ன் கலிஃபோர்னியா. இரண்டுக்கும் தலா ஒரு தோல்வி. அலபாமா தோற்றது அதே சதர்ன் கலிஃபோர்னியாவிடம், அதுவும் பர்மிங்ஹாமில்!

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட 1998-ல் வாக்கெடுப்புகளையும் கணினிகளையும் சேர்த்து முதல் இரண்டு அணிகளை இறுதி ஆட்டத்தில் மோதவிடும் ஏற்பாடு வந்தது. ‘யார் ஒன்று’ என்ற சண்டை ‘யார் இரண்டு’ என்று மாறியது. 2011 நவம்பரில் லூசியானா ஸ்டேட் அணி டஸ்கலூசாவுக்கே வந்து அலபாமாவை 9-6 என்று வென்றது. ஆனாலும் இரண்டாம் இடத்துக்கு ஓக்லஹோமா ஸ்டேட்டை முந்திக்கொண்டு அலபாமா தேர்வானது. மறு ஆட்டத்தில் 21-0. பட்டம். சொந்த லீகின் தன் பிரிவில்கூட முதலிடம் பெறாத அணி அது.

2014 முதல் 13 பேர் கொண்ட குழு நான்கு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. 2017-லும் தன் பிரிவில் முதலிடம் பெறாத அலபாமா உள்ளே வந்து கோப்பையை வென்றது. அந்த சீசனில் அலபாமா ஆபர்னிடம் தோற்றிருந்தது. அந்த ஆபர்னையே புத்தாண்டில் வீழ்த்தி, 13 ஆட்டங்களிலும் வென்ற மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு நான்கில் இடமில்லை. அவர்கள் தங்களைத் தாங்களே சாம்பியனாக அறிவித்து ஊர்வலம் போனார்கள். கோலி என்பவரின் கணினிக் கணக்கும் அவர்களையே முதலிடத்தில் வைத்தது. டஸ்கலூசாவில் நகைத்தார்கள். ஆனால் 1941-ஐக் கல்லில் வைத்திருக்கும் ஊருக்கு நகைக்க எவ்வளவு உரிமை உண்டு?

2023-ல் இன்னொரு கசப்பு. 13-0 என்றிருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டின் முக்கிய ஆட்டக்காரருக்குக் காயம். இனி அது பழைய அணி அல்ல என்று கருதிய குழு, ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமாவுக்கு நான்காம் இடத்தைக் கொடுத்தது. தோற்காத அணி வெளியே. ஓட்டுப் பெற்ற அணி உள்ளே. 1966-ல் டஸ்கலூசா அழுத அதே அழுகையை இந்த முறை டல்லஹாசி அழுதது.

ரசிகர்களின் வாதங்களை வடிகட்டினால் மிஞ்சுவது இரண்டு கட்சிகள்தான். சிறந்த அணிக்கே பட்டம் என்பது ஒன்று. உழைத்துச் சம்பாதித்த அணிக்கே பட்டம் என்பது மற்றது. முதலாவதை முடிவுசெய்ய ஒரு கண் வேண்டும். கண்ணுக்குச் சொந்த ஊர் உண்டு. இரண்டாவதற்கு வெற்றி தோல்விப் பட்டியல் போதும். ஆனால் யாரோடு மோதி வென்றாய் என்பதைப் பட்டியல் சொல்லாது. டஸ்கலூசாக்காரர்கள் 1966-ஐப் பற்றிப் பேசும்போது இரண்டாம் கட்சி. 2011, 2017, 2023 என்றால் முதல் கட்சி.

2024 முதல் 12 அணிகள் ஆடும் நாக்-அவுட் வந்துவிட்டது. ஐந்து இடங்கள் லீக் சாம்பியன்களுக்கு உறுதி. ஏழு இடங்களைக் குழுவே நிரப்புகிறது. தோற்காத ஓர் அணியைக் காகிதத்திலேயே தோற்கடிப்பது இனி கடினம். அதுவே பெரிய நியாயம். ஆனால் முதல் ஆண்டிலேயே, மூன்று முறை தோற்ற அலபாமாவை ஒதுக்கி இரண்டு முறை தோற்ற எஸ்.எம்.யூ.வைக் குழு சேர்த்துக்கொண்டது. எளிய எதிரிகளோடு ஆடியிருந்தால் நாங்களும்தான் வென்றிருப்போம் என்பது இங்கே எழுந்த முணுமுணுப்பு. எளிய எதிரிகள் என்ற அதே காரணத்தைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் அலபாமாவை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார்கள் என்பது பலருக்கு நினைவில்லை.

ஆட்டம் முடிந்து கூடாரங்களைப் பிரிக்கும் நேரம். புல்வெளியின் ஓரத்தில் 115 அடி உயர டென்னி மணிக்கூண்டு. அதன் அடியில் ஈர சிமென்ட்டில் கையையும் காலையும் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், 1940-களின் கடைசியிலிருந்து இன்றுவரையிலான அணித் தலைவர்கள். இங்கே இடம்பெற எந்தப் பத்திரிகையாளரின் ஓட்டும் தேவையில்லை. பட்டம் வென்ற ஆண்டு, வெல்லாத ஆண்டு என்ற வித்தியாசமும் இல்லை. 1966-ம் இருக்கிறது. அப்பாக்கள் பிள்ளைகளைக் குனியச் சொல்லி அந்தத் தடத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கை சின்னதாக இருக்கிறது. கதை மட்டும் அப்படியே பொருந்திவிடுகிறது.