குலுக்கல் சீட்டில் ஒரு கணக்கு



நம் அனகாபுத்தூரில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. குலுக்கல் சீட்டு மட்டும் குறையவில்லை. பிளஸ் ஒன் வகுப்பில் பையில் சிவப்பு, நீலப் பந்துகளைப் போட்டு ‘திரும்ப வைக்காமல் எடுத்தல்’ என்று நடத்தினேனே, அந்தக் கணக்குதான் இது.

சென்ற வாரம் பழைய மாணவி ஒருவர் போன் செய்தார். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், பெயர் விழுந்தவருக்கு ஒரு லட்சம். மூன்றாவது குலுக்கலில் விழுந்தால் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாம். “ரெண்டு மாசம் விழலை சார், இனிமே வாய்ப்பு ஜாஸ்திதானே?” என்றார்.

ஜாஸ்திதான். ஆனால் எவ்வளவு? எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவதில்லை. டப்பாவில் மீதி 18. ஆகவே 18-ல் 1, நூற்றுக்கு ஐந்தரைதான்! சீட்டு ஆரம்பிக்கும் முன்பே கேட்டிருந்தால், மூன்றாவது மாதம் விழ 19/20 × 18/19 × 1/18. அடித்துப் பாருங்கள், 1/20 வரும். முதல் மாதமானாலும் கடைசி மாதமானாலும் அதே 1/20. முதலில் எடுப்பவருக்குத்தான் ராசி என்பதெல்லாம் சும்மா பேச்சு.

எடுத்த சீட்டை மறுபடி உள்ளே போட்டால்? 20 மாதமும் கட்டிவிட்டு ஒருமுறைகூடப் பெயர் வராமல் போக 19/20-ஐ 20 முறை பெருக்க வேண்டும். நூற்றுக்குச் சுமார் 36. யார் சேருவார்கள்?

உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவிருக்கிறதா? முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. 30 குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. அதாவது எடுத்த ஓலையை மூன்று வருடம் திரும்பப் போடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

மாணவியிடம், ஏற்கெனவே எடுத்தவர்களில் அவசரமில்லாதவர் யாராவது கைமாற்றாகத் தருவார்களா என்று கேட்கச் சொன்னேன். கூடவே, வித்யாலக்ஷ்மி இணையதளத்தில் கல்விக் கடனுக்கு இன்றே மனுப் போடச் சொன்னேன். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் நீங்களும் போடுங்கள். மனுப் போடத் தெரியாதவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே போடலாம்.