யார்கிட்ட சொல்றது?

சும்மா இருந்திருக்கலாம். சில வருடங்களுக்கு முன் மகனின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பேச்சுவாக்கில், “நான்கூட எட்டாவது படிக்கறப்ப ஸ்கவுட்ல இருந்தேன்” என்று பெருமையடித்துவிட்டேன். சாரண ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விட, பள்ளியில் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த வாரமே என் கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் விசில், எதிரே 28 பையன்கள்.

எனக்கு ஞாபகம் இருந்தது இரண்டே விஷயம். ஒன்று, இடது கையால் கை குலுக்க வேண்டும். இன்னொன்று ரீஃப் முடிச்சு. அதுவும் பாதிதான்.

முறையான பயிற்சி வகுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை சும்மா இருப்பானேன்? ஒரு நாள் நடைப்பயணம் போகலாம் என்று முடிவு செய்தேன். படித்தது பி.காம். அட்டவணை போடச் சொன்னால் சோறு தண்ணீர் வேண்டாம். எக்ஸெல்லில் கட்டம் கட்டமாகப் போட்டேன். 6.30 புறப்பாடு. 8.10 இட்லி. 8.35 குன்று ஏறுதல். 10.15 பறவை பார்த்தல். ‘இயற்கையை ரசித்தல்’ என்று ஒரு கட்டம், அதற்கு 20 நிமிடம். பிரிண்ட் எடுத்துப் பார்த்தபோது எனக்கே கண்ணீர் வந்தது, அவ்வளவு அழகு.

செங்கல்பட்டு தாண்டி ஒரு சின்னக் குன்று. துணைக்குப் பள்ளியின் பி.டி. மாஸ்டர். வேன் 50 நிமிடம் லேட். அங்கேயே என் அட்டவணை படுத்துவிட்டது. நேரத்தைப் பிடிக்க வேண்டுமே! இயற்கையை ரசிப்பதை ரத்து செய்தேன். “சீக்கிரம், சீக்கிரம்” என்று முன்னால் நான் விரட்ட, பையன்கள் பட்டாளம் மாதிரி ஓடி வந்தார்கள்.

இறங்கி வந்து எண்ணினேன். 27.

மறுபடி எண்ணினேன். 27. பி.டி. மாஸ்டர் எண்ணினார். 27.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காணோம். எப்போதிலிருந்து? யாருக்கும் தெரியவில்லை. “மேல இருந்தான் சார்” என்றான் ஒருவன். “இல்ல சார், இட்லி சாப்பிடும்போது பார்த்தேன்” என்றான் இன்னொருவன். மாஸ்டரைப் பையன்களோடு விட்டுவிட்டு நான் ஏறினேன். வயிற்றுக்குள் என்னவோ பிசைந்தது. அங்கே ஒரு பழைய கல்குவாரிக் குட்டை இருக்கிறது என்பது எனக்குக் காலையில்தான் தெரியும். முந்தின வாரமே ஒரு நடை வந்து பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரம் முழுக்க அட்டவணைக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது நிமிடம். அவன் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கடைசியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அந்தப் பக்கம், ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லோரும் போய்விட்டோம். தப்பான பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, பயந்து, உட்கார்ந்துவிட்டான்.

“ஏண்டா சொல்லலை?” என்று கத்தினேன்.

“நீங்க ரொம்ப முன்னாடி போயிட்டீங்க சார். வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை” என்றான்.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அம்மாகிட்ட சொல்லாதீங்க சார், திட்டுவாங்க” என்றான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆள் பத்திரமாகத்தானே இருக்கிறான்? தாம்பரம் வரும்வரை யோசித்தேன். பள்ளி வாசலில் அவன் அம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், குட்டை உட்பட. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீங்களா சொன்னீங்க, அதனால சரி. இவன் சொல்லித் தெரிஞ்சிருந்தா நாளையிலேருந்து அனுப்பியிருக்க மாட்டேன்” என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சி முகாமுக்குப் போனேன். வகுப்பு எடுப்பார்கள், குறிப்பு எடுக்கலாம் என்று புது நோட்டுப் புத்தகம் வேறு. போனதுமே எங்களை அணி அணியாகப் பிரித்துவிட்டார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆசாமிகள் விறகு பொறுக்கி, சோறு பொங்கி, மூங்கிலைக் கயிற்றால் கட்டிச் செருப்பு ஸ்டாண்ட் செய்து, காலையில் வரிசையாக நின்று நகம் வெட்டியிருக்கிறோமா என்று காட்ட வேண்டும். பையன்கள் எப்படி வாழ வேண்டுமோ அப்படி நாங்கள் வாழ வேண்டும். அதுதான் பயிற்சி. 1919-ல் லண்டனுக்குப் பக்கத்தில் கில்வெல் பார்க்கில் சாரணத் தலைவர்களுக்கு முதல் பயிற்சி நடந்தபோதும் இதே முறைதான். முடித்தவர்களுக்குத் தோல் வாரில் கோத்த மரமணிகள். ஜூலு மன்னர் தினிசூலுவின் கழுத்து மாலையிலிருந்து வந்தவை அந்த முதல் மணிகள் என்பார்கள். எங்கள் பயிற்சியாளர் கழுத்தில் நான்கு மணி. எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அவரிடம் என் அட்டவணையைக் காட்டி, நடந்ததையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “நல்லா இருக்கு தம்பி. ஆனா எல்லாக் கட்டத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. பசங்களுக்கு என்ன வேலை?” என்றார்.

நான் முழித்தேன்.

“28 பேரை ஒருத்தர் எண்ண முடியாது. ஏழு பேரை ஒரு பையன் எண்ணிடுவான்.”

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடந்த முதல் முகாமைப் பற்றிச் சொன்னார். வந்தது சுமார் 20 பையன்கள்தான். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள், பாதிப் பேர் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். போயர் யுத்தத்தில் பெரிய பெயர் வாங்கிய ராணுவ அதிகாரி பேடன் பவல். இருபது பொடியன்களைத் தனியாக மேய்க்க முடியாதா? ஆனாலும் நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கி, பொறுப்பை அவனிடம் கொடுத்தார். அந்த அணி முறைதான் இன்றுவரை சாரணியத்தின் முதுகெலும்பு. அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தனியாகச் சாரணர் சங்கம் தொடங்கினாரே, அங்கேயும் இதே கதைதான். 1950-ல் ஒன்றாக இணைந்து உருவான பாரத சாரணர் இயக்கத்திலும் இதுவேதான்.

“போற இடத்தை முன்னாடியே போய்ப் பாருங்க. மழை வந்தா என்னன்னு ஒரு மாற்றுத் திட்டம் வெச்சுக்கங்க. முதலுதவிப் பெட்டி, பெத்தவங்க கையெழுத்து, இதெல்லாம் உங்க வேலை. எங்க போறது, என்ன சமைக்கறது, என்ன விளையாடறது, அது அணித்தலைவர்கள் கூடிப் பேசி முடிவு பண்ண வேண்டியது. நீங்க கடைசியில நடங்க” என்றார்.

அடுத்த நடைப்பயணத்தைப் பையன்களே திட்டமிட்டார்கள். நான்கு தலைவர்கள் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டு, காகிதத்தில் கோணல்மாணலாக எழுதிக்கொண்டு வந்தார்கள். நேரமே போடவில்லை. எனக்குக் கை பரபரவென்றது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு ஓர் அணியின் உப்புமா அடிப்பிடித்தது. இன்னொரு அணி உப்பை மறந்துவிட்டது. வீடு திரும்ப இரண்டு மணி நேரம் தாமதம். எல்லா அம்மாக்களுக்கும் நான்தான் போன் போட்டேன்.

ஆனால், பாதை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு குரல்கள் தனித்தனியாக எண்ணுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கடைசியில் நடந்தேன்.

மறு வருடம் அந்த வேப்பமரப் பையன் ஓர் அணிக்குத் துணைத் தலைவன் ஆனான். அவனிடம் ஒரு வழக்கம். கிளம்பும்முன் எல்லோருடைய ஷூவையும் குனிந்து பார்ப்பான். பிறகு எண்ணிவிட்டு என்னிடம் ஓடி வருவான்.

“ஏழு சார்.”

அவன் போன பிறகு நானும் ஒரு தடவை எண்ணிக்கொள்வேன். அவனுக்குத் தெரியாமல்.